புளோரிடா மரக்கிடங்கில் ஒரு பெரணி: மண்ணின் நஞ்சை எந்தச் செடி எங்கே வைக்கிறது?

மத்திய புளோரிடாவில் மரக்கம்பங்களுக்கு மருந்து ஏற்றும் கிடங்கு ஒன்று 1950களில் இயங்கியது. கரையான் அரிக்காமலும் பூஞ்சை பிடிக்காமலும் இருக்க, கம்பங்களை மூடிய உருளைக்குள் அடுக்கி, அழுத்தம் கொடுத்து, மருந்தை மரத்தின் உள்வரை செலுத்துவார்கள். வெளியே எடுத்த ஈரக் கம்பங்களிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டியதெல்லாம் மண்ணுக்குள் இறங்கியது. 1960களின் தொடக்கத்தில் கிடங்கை மூடிவிட்டார்கள். மண்ணில் இறங்கியது அங்கேயே தங்கிவிட்டது.

அந்த மருந்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் இருந்தன. செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்செனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் அவை இரண்டையும் மரத்தோடு பிணைக்கும். இந்தக் கலவையை 1933-ல் உருவாக்கியவர் சோந்தி காமேசம் என்ற இந்தியர், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவது 2003-ம் ஆண்டு முடிவோடுதான் நின்றது.

1990களின் இறுதியில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பேராசிரியர் லீனா மாவும் அவர் குழுவினரும், கைவிடப்பட்ட அந்தக் கிடங்கு நிலத்தில் தானாக முளைத்திருந்த 14 வகைச் செடிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். எல்லாம் ஒரே மண்ணில் நின்றவை, ஒரே மழையில் நனைந்தவை. அவற்றில் ஒன்றே ஒன்றில்தான் ஆர்செனிக் பெருமளவு இருந்தது. உலர்ந்த இலை ஒரு கிலோவுக்கு 3,280 முதல் 4,980 மில்லிகிராம் வரை. அந்தச் செடி தெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி (ஆங்கிலத்தில் ஃபெர்ன்). இந்தக் கண்டுபிடிப்பு 2001 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஒரு பக்கக் குறிப்பாக வந்தது.

"செடிகள் மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும்" என்ற வாக்கியம் எவ்வளவு அரைகுறையானது என்பதை இந்த ஒரு நிலமே காட்டிவிடுகிறது. மற்ற பதின்மூன்று செடிகளும் செடிகள்தான். அவை ஏன் அப்படிச் செய்யவில்லை? பெரணியும் ஆர்செனிக்கை மட்டும் அள்ளிக்கொண்டு, அதே மண்ணில் கிடந்த செம்பையும் குரோமியத்தையும் ஏன் பெரும்பாலும் விட்டுவைத்தது? இந்த இரண்டு கேள்விகளையும் கடக்காமல் யாரும் "மாசு நிலத்தில் மரம் நடுவோம்" என்று கிளம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. (ஆர்செனிக் வேதியியல்படி முழு உலோகம் அல்ல, உலோகப்போலி. நச்சுத்தன்மையை வைத்து அதையும் கன உலோகங்களோடு சேர்த்தே பேசுவது வழக்கம். இங்கும் அப்படித்தான்.)

பெரணியை அருகில் பார்த்தால்

இது நமக்குத் தெரியாத செடி அல்ல. சுண்ணாம்புச் சத்து இதற்குப் பிடிக்கும். பழைய செங்கல் சுவரின் காரை பெயர்ந்த இடுக்கிலும், ஈரம் கசியும் மதகு ஓரத்திலும், கிணற்றின் உட்சுவரிலும் தொங்கிக்கொண்டிருக்கும். நடு ஈர்க்கின் இருபக்கமும் நீண்டு ஒடுங்கிய சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். அடியில் குட்டையாகத் தொடங்கி மேலே போகப்போக நீளும். நுனியில் தனியாக நிற்கும் சிற்றிலை மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். சிற்றிலையைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பு நெடுக பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடும். அது தூசியோ நோயோ அல்ல, வித்துக்கள் அடங்கிய பகுதி.

சுவரில் இதைப் பார்த்தவுடன் பயந்து பிடுங்க வேண்டியதில்லை. மாசில்லாத மண்ணில் வளர்ந்த பெரணியில் கிலோவுக்கு 12 முதல் 64 மில்லிகிராம் ஆர்செனிக்தான் இருந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்த மண்ணில் இருந்ததோ கிலோவுக்கு அரை மில்லிகிராம் முதல் ஏழரை மில்லிகிராம் வரை மட்டுமே. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத இடத்திலும் தேடி எடுத்துச் சேர்க்கும் இயல்பு இந்தச் செடிக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. மாசு மண்ணில் அது 1,442 முதல் 7,526 மில்லிகிராம் வரை போனது. தொட்டியில், கிலோவுக்கு 1,500 மில்லிகிராம் ஆர்செனிக் கலந்த மண்ணில் ஆறு வாரம் வளர்த்தபோது 22,630 மில்லிகிராம் வரை ஏறியது. உலர் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் ஆர்செனிக்! சாதாரணச் செடி இதில் சிறு பகுதியைத் தொடுவதற்குள் செத்துவிடும்.

எடுத்த ஆர்செனிக்கில் 93 விழுக்காடு வரை இலைகளில்தான் இருந்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த எண்தான். வேரில் நிறைய வைத்திருக்கும் செடிகள் பல உண்டு. வேரிலிருந்து தூக்கி இலைக்கு அனுப்பி, அங்கே வைத்துக்கொண்டு, உயிரோடும் இருக்கும் செடிகள்தான் அரிது.

உள்ளே என்ன நடக்கிறது

காற்றோட்டமுள்ள மண்ணில் ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்சனேட் வடிவில் இருக்கும். அதன் அமைப்பு பாஸ்பேட்டை ஒத்தது. பாஸ்பரஸ் இல்லாமல் எந்தச் செடியும் வாழாது என்பதால் எல்லா வேர்களிலும் பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் உண்டு. அவற்றால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆர்சனேட் அந்த வழியாகவே நுழைகிறது. மண்ணில் பாஸ்பேட் உரம் கூடினால் ஆர்சனேட்டுக்குப் போட்டி கூடும், உறிஞ்சல் குறையும். பெரணியின் வேர்கள் அமிலங்களைக் கசியவிட்டு, மண் துகளில் ஒட்டிக்கிடக்கும் ஆர்செனிக்கைக் கரைத்தும் எடுக்கின்றன.

இதுவரை எல்லாச் செடிக்கும் பெருமளவு பொதுவானது. பிரியும் இடம் அடுத்தது. உள்ளே வந்த ஆர்சனேட்டைச் செடி ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவமாக மாற்றுகிறது. பெரும்பாலான செடிகள் அதைக் கந்தகம் நிறைந்த சிறு புரதத் துண்டுகளோடு கட்டி, வேர் செல்களின் நுண்குமிழ்களுக்குள் பூட்டிவைக்கின்றன. மேலே அனுப்புவதில்லை. பெரணியின் வேர் அப்படிப் பூட்டுவதில்லை, தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலம் என்ற குழாய்கள் வழியாக இலைக்கு அனுப்பிவிடுகிறது. அதை நுண்குமிழுக்குள் தள்ளி அடைத்துவைக்கும் புரதம் ஒன்றும் பெரணியிடம் இருக்கிறது. அதற்கான மரபணுவை 2010-ல் அடையாளம் கண்டார்கள். ஏசிஆர்3 என்ற அந்த மரபணுக் குடும்பம் ஈஸ்டிலும் பாசிகளிலும் பெரணிகளிலும் இருக்கிறது, பூக்கும் தாவரங்களில் இல்லை. பரிணாமத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் அவை அதை இழந்துவிட்டன. கிடங்கு நிலத்தில் பெரணிக்குப் பக்கத்தில் நின்ற புல்லுக்கும் களைச்செடிக்கும் அந்த வசதியே கிடையாது.

இவ்வளவு நஞ்சைச் சுமந்து செடிக்கு என்ன லாபம்? புளோரிடா பல்கலைக்கழகத்திலேயே பாலா ரத்தினசபாபதியும் அவர் சகாக்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஆர்செனிக் ஏறிய பெரணி இலைகளை வெட்டுக்கிளிகள் தவிர்த்ததைக் காட்டினார்கள். பூச்சியிடமிருந்து தப்பிக்க இது உதவுகிறது என்பது நம்பத்தக்க விளக்கம். அது மட்டுமே காரணம் என்று சொல்ல அந்த ஒரு சோதனை போதாது.

மற்ற செடிகள், மற்ற உலோகங்கள்

ஆலன் பேக்கர் என்ற தாவரவியலாளர் 1981-ல் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். உலோகத்தை மேலே ஏறவிடாமல் வேரோடு நிறுத்தும் செடிகள், மண்ணில் எவ்வளவோ அதற்கேற்ப இலையிலும் காட்டும் செடிகள், மண்ணில் இருப்பதைவிட அதிகமாக இலையில் குவிக்கும் செடிகள் என மூன்று வகை. பெரும்பாலான செடிகள் முதல் வகை. மூன்றாம் வகையிலும் உச்சத்தில் இருப்பவற்றை மிகைச்சேர்ப்பிகள் எனலாம். உலர் இலையில் கிலோவுக்குக் காட்மியம் 100, ஆர்செனிக் அல்லது நிக்கல் 1,000, துத்தநாகம் 3,000 மில்லிகிராம் தாண்டினால் இந்தப் பெயர். 2018 வரை தொகுத்த பட்டியலில் இப்படி எழுநூறுக்குச் சற்று அதிகமான இனங்களே இருந்தன. உலகில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இருக்கும்போது இது மிகச் சிறிய கூட்டம். அதிலும் ஐந்நூறுக்கு மேல் நிக்கலுக்கானவை.

அந்த நிக்கல் கூட்டத்தில் ஒரு மரத்தைச் சொல்லாமல் போக முடியாது. பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாத் தீவில் பிக்னாண்ட்ரா அக்யுமினேட்டா என்ற மரம் உண்டு. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். உலர்த்திப் பார்த்தால் அந்தப் பாலில் கால் பங்கு நிக்கல். 1976-ல் இதை வெளியிட்டபோது பலரால் நம்ப முடியவில்லை.

துத்தநாகத்தின் கதை இன்னும் பழையது. ஜெர்மனியின் ஆக்கன் நகரை ஒட்டிய சுரங்க மண்ணில் வளரும் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றின் இலையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் இருந்ததை 1865-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். இன்று நொக்கேயா செருலெசன்ஸ் என்று அழைக்கப்படும் அந்தச் செடியில், துத்தநாகத்தையும் காட்மியத்தையும் வேரிலிருந்து சைலத்தில் ஏற்றும் மரபணு ஒன்றுக்குப் பதில் பல நகல்களாக இருக்கிறது. எல்லாச் செடியிலும் உள்ள மரபணுதான், இங்கே மிகையாக இயங்குகிறது. பெரணியைப் போல வேறு செடிகள் இழந்த ஒன்றை இது காப்பாற்றி வைத்திருக்கவில்லை. ஒரே விளைவுக்கு இரண்டு செடிகள் வந்த பாதை வெவ்வேறு.

ஈயத்தில் ஏமாற்றமே மிச்சம். ஈயம் மண் துகளோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், வேருக்குள் நுழைந்தாலும் அங்கேயே படிந்துவிடும். 1990களில் கடுகுச் செடியை நட்டு, மண்ணில் இடிடிஏ என்ற இரசாயனத்தை ஊற்றி ஈயத்தைக் கரைத்தால் செடி மேலே இழுக்கும் என்று பெரும் உற்சாகம் கிளம்பியது. இழுத்தது உண்மை. ஆனால் செடி எடுத்தது போக மிச்சம் கரைந்து கிடந்த ஈயம் மழையோடு கீழே இறங்கி நிலத்தடி நீரை நோக்கிப் போனது. அந்த வழி இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. சூரியகாந்தி நட்டால் எந்த நஞ்சும் போய்விடும் என்று இன்னும் பகிரப்படும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

குரோமியமும் அப்படியே. செடி எடுத்தாலும் மிகப் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலைப் பற்றிப் பேசும்போது "செடி வைத்துச் சுத்தம் செய்யலாமே" என்று யாராவது கேட்பதுண்டு. ஆர்செனிக்குக்குப் பெரணி செய்ததைக் குரோமியத்துக்குச் செய்யும் செடி நம் கையில் இல்லை. அங்கே செடிகளால் ஆகக்கூடியது, புழுதி பறக்காமலும் மண் அரித்து ஓடாமலும் பிடித்துவைப்பது வரைதான்.

நெல்: அதே ஆர்செனிக், வேறு வழி

சோற்றுத்தட்டுக்கு வருவதால் நெல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அங்கே ஆர்செனிக் ஆர்சனைட் வடிவுக்கு மாறிக் கரைந்து மிதக்கும். ஆர்சனைட் பாஸ்பேட்டின் வழியில் நுழைவதில்லை. நெல் நிமிர்ந்து நிற்கவும் நோயை எதிர்க்கவும் ஏராளமாகச் சிலிக்கானை எடுக்கும் பயிர். அந்தச் சிலிக்கானுக்கான கடத்திகள் வழியாகத்தான் ஆர்சனைட் உள்ளே போகிறது. ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்து ஜியான் ஃபெங் மாவின் குழு இதை 2008-ல் காட்டியது. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் ஆர்செனிக் கலந்த ஆழ்குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிய வயல்களில் இதுதான் நடக்கிறது.

நல்லவேளையாக நெல் எல்லாவற்றையும் நெல்மணிக்கு அனுப்புவதில்லை. வேரில் மிக அதிகம், வைக்கோலில் அதற்குக் குறைவு, அரிசியில் அதற்கும் குறைவு. கணுக்களில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடும் இருக்கிறது. அரிசியிலும் தவிட்டுப் பகுதியில்தான் செறிவு கூடுதல். தீட்டிய அரிசிக்குக் கனிம ஆர்செனிக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2014-ல் வரம்பு வைத்தது. பெரணி இலையின் ஆயிரங்களோடு இந்த 0.2-ஐ வைத்துப் பார்த்தால் நெல் ஒன்றுமே சேர்க்காத செடி போலத் தோன்றும். ஆனால் பெரணியை யாரும் மூன்று வேளை சாப்பிடுவதில்லை. வைக்கோலைத் தின்னும் மாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வயலை இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் அரிசியில் ஆர்செனிக் குறையும். அதே மண்ணில் காட்மியமும் இருந்தால் அது கூடிவிடும், ஏனென்றால் காட்மியம் காற்றோட்டமுள்ள மண்ணில்தான் கரையும். இரண்டும் இருக்கும் நிலத்தில் ஒன்றைக் குறைக்கப் போய் மற்றதை ஏற்றிவிடக்கூடும். காட்மியம் என்ன செய்யும் என்பதை ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பாசன மக்கள் அனுபவித்தார்கள். சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைப் பல்லாண்டுகள் உண்டு, எலும்பு நொறுங்கி, வலியில் துடித்தார்கள். 1968-ல் ஜப்பான் அரசு காட்மியமே காரணம் என்று ஒப்புக்கொண்டது.

இனத்துக்கு இனம் மட்டுமா வேறுபாடு? ஒரே பயிரின் ரகங்களுக்குள்ளும் உண்டு. கேரளத்தின் உவர்நிலங்களில் விளையும் பொக்காளி நெல்லில் அரிசியில் காட்மியம் குறைவு. காரணம் எதிர்பாராதது. மாங்கனீசையும் காட்மியத்தையும் வேர் செல்லுக்குள் இழுக்கும் மரபணு பொக்காளியில் இரட்டிப்பாக இருக்கிறது. அப்படியானால் காட்மியம் கூட அல்லவா வேண்டும்? வேர் செல்லுக்குள் கூடத்தான் செய்கிறது. ஆனால் கூடவே வரும் மாங்கனீசோடு போட்டி போட்டுச் சைலத்தில் ஏற முடியாமல் வேரிலேயே தங்கிவிடுகிறது. 2022-ல் ஜியான் ஃபெங் மாவின் குழு இதை வெளியிட்டது. அந்த மரபணுப் பகுதியை ஜப்பானின் கோஷிஹிகாரி ரகத்துக்குள் கொண்டுபோனபோது அங்கும் அரிசியில் காட்மியம் குறைந்தது. வேர் எவ்வளவு எடுக்கிறது என்பதை மட்டும் அளந்திருந்தால் பொக்காளியை மோசமான ரகம் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

களத்தில் போட்ட கணக்கு

மீண்டும் புளோரிடாவுக்கு. தொட்டியில் கிடைத்த வெற்றி நிலத்தில் நிற்குமா என்று பார்க்க, மாசுபட்ட நிலத்தில் 30.3 சதுர மீட்டர் அளவுள்ள பாத்தியில் பெரணியை நட்டு இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். இலைகளை அறுத்து எடுத்ததில் கிடைத்த மொத்த ஆர்செனிக் 19.3 கிராம். மேல்மண்ணின் முதல் 15 சென்டிமீட்டரில் செறிவு கிலோவுக்கு 190 மில்லிகிராமிலிருந்து 140-க்கு இறங்கியது.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும். 30.3 சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் ஆழம் என்றால் சுமார் நான்கரை கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தால் ஏறத்தாழ 6.4 டன். அதில் கிலோவுக்கு 190 மில்லிகிராம் என்றால் தொடக்கத்தில் இருந்த ஆர்செனிக் கிட்டத்தட்ட 1.2 கிலோ. பெரணி இலையில் வெளியேறிய 19.3 கிராம் அதில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மண்ணில் குறைந்ததாகச் சோதனை காட்டியதோ சுமார் 320 கிராம். நடுவில் 300 கிராம் எங்கே?

மண் மாதிரி எடுப்பதில் வரும் ஏற்றத்தாழ்வு ஒரு காரணமாக இருக்கலாம். மருந்து சொட்டிய நிலத்தில் ஒரு அடி தள்ளி எடுத்தாலே எண் மாறும். மழையோடு கீழே இறங்கியிருக்கலாம். காய்ந்துபோகும் பெரணி இலையிலிருந்து மழை ஆர்செனிக்கைக் கழுவி மறுபடி மண்ணுக்கே கொடுக்கும் என்பதும் தெரிந்ததுதான். எதுவானாலும் மண்ணின் எண் இறங்கியதை மட்டும் காட்டி "செடி சுத்தம் செய்துவிட்டது" என்று சொல்வதை ஏற்க முடியாது. அறுத்தெடுத்த இலையில் எத்தனை கிராம் போனது என்பதையும் கேட்டாக வேண்டும். ஆய்வாளர்களே தங்கள் முடிவில், செடி வளர்ச்சியையும் உறிஞ்சலையும் கூட்டச் சிறந்த சாகுபடி முறைகள் தேவை என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே பெரணி பயனற்றது என்று ஆகிவிடாது. மிதமான மாசு, மேலோட்டமான ஆழம், காத்திருக்க நேரம் உள்ள நிலம் என்றால் அது பொருந்தும். முதல் உலகப்போரில் வேதியியல் ஆயுதச் சோதனை நடந்த வாஷிங்டனின் ஸ்பிரிங் வேலிப் பகுதியில், வீடுகளுக்கு நடுவே மண்ணைத் தோண்டாமல் ஆர்செனிக்கைக் குறைக்க 2004-லிருந்து இந்தப் பெரணியை நட்டுப் பார்த்தார்கள். பழைய மரங்களை வெட்ட மனமில்லாத தோட்டங்களுக்கு அது சரியான தேர்வு. சீனாவிலும் சென் டோங்பின் குழு ஹூனான் மாகாணத்தில் இதே பெரணியைத் தனியாகக் கண்டறிந்து வயல் அளவில் பயிரிட்டது.

வளர்ப்பதில் கவனிக்க வேண்டியவை சில. இலையை அறுக்கும்போது கிழங்கின் குருத்து வெட்டுப்படாமல் சற்று மேலே விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். இலை பழுத்து உதிரும்வரை காத்திருந்தால் எடுத்ததெல்லாம் மண்ணுக்கே திரும்பும். ஆடு மாடு நுழையாத வேலி கட்டாயம். பனி உறையும் ஊரில் இது குளிர்காலத்தில் கருகிவிடும், நம் தட்பவெப்பத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பாத்தியிலும் பல ஆண்டு நிலைக்கும்.

அறுத்த பிறகுதான் பெரிய வேலை. கையில் இருப்பது உலர்ந்த சருகு, ஆனால் கிலோவுக்கு நான்கைந்து கிராம் ஆர்செனிக் உள்ள சருகு. குப்பைமேட்டில் போட முடியாது, வயலில் மட்கவிட முடியாது. எரித்தால் ஆர்செனிக்கின் ஒரு பகுதி புகையோடு போகும், அதைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாத உலையில் எரிப்பது குற்றத்துக்குச் சமம். மூடிய கலனில் மட்கவைத்தோ சாண எரிவாயு முறையில் நொதிக்கவைத்தோ எடையைக் குறைக்கலாம். அப்போதும் கரைந்து வடியும் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். மிஞ்சுவதைத் தகுந்த அடித்தளம் போட்ட அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். பெரணியை நடத் திட்டம் போடும் எந்த அமைப்பும் நாற்று வாங்கும் முன்பே இந்தச் சருகு எந்த வண்டியில் எங்கே போகும், யார் கட்டணம் கொடுப்பார் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். திட்ட அறிக்கையில் அந்தப் பக்கம் இல்லையென்றால் கையெழுத்துப் போடக் கூடாது.